கட்டிலை நகர்த்தும் முன்

கதிரேசா,

நேற்று நீ போனை வைத்த பிறகு சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. என்ன, பையன்மேல் கோபமா என்று உன் அப்பா கேட்டார். கோபமாக இருந்தால் திரும்பக் கூப்பிட்டுக் கத்தியிருப்பேன். இது வேறு. சோற்றில் ஈ கிடந்தால் வயிற்றைப் புரட்டுமே, அந்த மாதிரி இருந்தது. பெற்ற மகன் பேச்சைக் கேட்டு ஒரு தாய்க்கு அப்படிப் புரட்டலாமா என்று நீ கேட்கலாம். புரட்டியது. ஏன் என்று எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். இதை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உனக்குக் கீழே வேலைக்குச் சேரப்போகிற நர்சுப் பிள்ளைகளுக்கும் கொடு. உன் நிர்வாகத்தின் கையில் கிடைத்தாலும் எனக்கு வருத்தமில்லை.

நல்ல செய்தி என்றுதான் ஆரம்பித்தாய். மதுரையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி நோய் தணிப்பு சிகிச்சைக்கென்று புதிதாக ஒரு பிரிவு திறக்கிறது, அதற்கு நர்சிங் தலைவர் நீ, தனி அறை, கதவில் பெயர்ப்பலகை. எனக்கும் மனசு நிறைந்தது. ஆம்பளைப் பிள்ளை நர்சுக்குப் படிக்கிறான் என்று கல்யாண வீட்டுப் பந்தியில் சிரித்தவர்கள் முகமெல்லாம் வந்துபோனது. பிறகு போகிறபோக்கில் சொல்கிற மாதிரி நீ மற்றதையெல்லாம் சொன்னாய். அந்தப் பிரிவு பிரதானக் கட்டடத்தில் இல்லை. பின்னால், துணி வெளுக்கிற இடத்துக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில். உள்ளே வர, பின்தெருவில் தனி கேட். புண் நாறுகிறவர்கள் முன்வாசல் வழியாக வந்தால் மற்ற நோயாளிகள் முகம் சுளிப்பார்களாம். ராத்திரிக்கு எல்லாக் கட்டிலுக்கும் சேர்த்து ஒரே நர்ஸ். மார்ஃபின் அலமாரியின் சாவி முன்கட்டடத்து மருந்தகத்தில் இருக்கும். வலி வந்தால் அங்கே ஆள் அனுப்பி, டியூட்டி டாக்டரைத் தேடி, கையெழுத்து வாங்கி வர வேண்டும். அதுவரைக்கும் அந்த மனுஷன் என்ன செய்வான் என்று கேட்டேன். நீ சொன்ன பதில் இன்னும் காதில் கிடக்கிறது.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாம்மா. மொதல்ல உள்ள போயிருவோம். அப்புறம் ஒண்ணொண்ணா மாத்திக்கிடலாம்."

இந்த வார்த்தையை நான் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. செயலாளர்கள் வாயில், டாக்டர்கள் வாயில், அப்பா செத்தால் நிலம் பிரிக்கலாம் என்று வார்டு வாசலில் காத்துக்கிடந்த பிள்ளைகள் வாயில். அது உன் வாயிலிருந்து வந்தபோதுதான் சோறு இறங்காமல் போனது.

இன்று காலையில் கழுகுமலையிலிருந்து உன் பெரியப்பா வந்தார். செய்தி அவருக்கும் எட்டியிருக்கிறது. கையில் ஒரு பொட்டலம் கடலைமிட்டாய், முகமெல்லாம் சிரிப்பு. "இனிமே பயலுக்குக் கையில பீ மூத்திரம் படாதுல்லா, டைரக்டர்லா ஆயிட்டான்" என்றார். இத்தனை வருஷமும் பெண் கேட்கப் போன வீட்டிலெல்லாம் உன்னை ஆஸ்பத்திரி மேனேஜர் என்றே சொல்லி வந்தவர் அவர். நீ அங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு சும்மா இருந்ததும் எனக்குத் தெரியும். அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒரு நாளாவது ஒரு நோயாளியைப் புரட்டிப் போட்டவர் அல்ல. ஆனால் அவர் சொன்னதுதான் உன் நிர்வாகமும் உன்னிடம் எதிர்பார்ப்பது என்று தோன்றியது. தலைவர் என்றால் கையில் ஒன்றும் படாது. மூக்கிலும் ஒன்றும் ஏறாது. கண்ணாடிக் கதவுக்குள் உட்கார்ந்து, கீழே இருப்பவர்களிடம் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்வது.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ நர்சிங் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன வருஷம் நடந்தது. படிக்கப் போன பிள்ளையிடம் முதல் வருஷமே இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்று அப்பா சொன்னார். பிறகு சொல்ல அவசியம் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது.

கோவில்பட்டிக்கு வெளியே நான் வேலை பார்த்த இல்லம் உனக்குத் தெரியும். இனி வைத்தியம் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் அனுப்பிவிட்டவர்களை வைத்துப் பார்க்கிற இடம். ஒரு வியாபாரக் குடும்பத்தின் டிரஸ்ட் நடத்தியது. நான் அங்கே நர்சிங் இன்சார்ஜ். பேருக்குத்தான் இன்சார்ஜ். யாரைச் சேர்ப்பது, யாருக்கு எந்தக் கட்டில், எந்த நர்சுக்கு லீவு, எல்லாம் செயலாளர் சொல்வதுதான். அவர் கெட்ட மனுஷன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாலை போட்டுச் சபரிமலைக்குப் போவார், கோயிலுக்கு அன்னதானம் செய்வார், வார்டுக்குள் வரும்போது மட்டும் சந்தன வாசம் ஏற்றிய கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார். வாசல்படியில் நின்றபடியே எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். கட்டில் பக்கம் வந்ததில்லை.

அந்த வருஷம் விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சுப்பையா என்று ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மிளகாய் விவசாயி. கன்னத்தில் புற்று. வெற்றிலையும் புகையிலையும் அடக்கி அடக்கி வந்தது. கன்னம் ஓட்டை விழுந்து பல்வரிசை வெளியே தெரிந்தது. வீட்டில் மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓலைச் சார்ப்பில் படுக்க வைத்திருந்தார்களாம். புண்ணில் புழு. அவர் மனைவி குருவம்மாள் மட்டும்தான் கூட வந்தாள். ஆட்டோக்காரர் இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவத் தண்ணீர் கேட்டார்.

அந்த நாற்றத்தை நான் மறைக்கப்போவதில்லை. நீயும் பார்த்திருக்கிறாய், உனக்குத் தெரியும். முகமூடியைத் தாண்டி வந்து தொண்டைக்குள் உட்காரும். வீட்டுக்கு வந்து குளித்தாலும் தலைமுடியில் இருக்கும். எனக்கு முதல் நாள் குமட்டியது. முத்துமாரி என்று ஒரு நர்ஸ், அப்போதுதான் படித்துவிட்டு வந்த பிள்ளை, வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, திரும்ப வந்து கிடுக்கியைக் கையில் எடுத்தாள். டர்பன்டைன் எண்ணெய் விட்டுப் புழுவை எடுத்தோம். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவிக் கட்டினோம். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. அதிலேயே மார்ஃபின் மாத்திரையைக் கரைத்து, நேரம் தவறாமல் கொடுத்தோம். ஒரு வாரத்துக்குள் புழு போனது, வலி அடங்கியது, மனுஷன் ராத்திரியில் தூங்கினார். நாற்றம் குறைந்தது, ஆனால் போகவில்லை. அது போகாது. அதனால் காற்றுப் போக்கு பார்த்து, மேற்கு ஜன்னல் ஓரம் அவர் கட்டிலைப் போட்டேன். வார்டுக்குள் நாற்றம் தங்காமல் போனது. அவருக்கும் அந்த இடம் பிடித்துப்போனது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ உளுந்து விதைத்திருந்தார்கள். அதில் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். களை எடுக்கிறவர்கள் சரியாக எடுக்கவில்லை என்று குருவம்மாளிடம் குறை சொல்வார். அவர் பேசுவது அவளுக்கு மட்டும்தான் புரியும். அவள் எங்களுக்குச் சொல்லுவாள்.

அந்த சமயத்தில் டிரஸ்டுக்கு ஒரு விழா. வெளியூரிலிருந்து நன்கொடை கொடுக்கிறவர்கள் வந்து இல்லத்தைச் சுற்றிப் பார்க்கப்போகிறார்கள். வார்டுக்கு முன்னால் இருந்த ஹாலில் பந்தல், மைக், நாற்காலி. இரண்டு நாளைக்கு முன்னால் செயலாளர் வார்டு வாசலில் நின்று, ஜன்னலோரக் கட்டிலைக் கையால் காட்டி, அன்றைக்கு மட்டும் அதைப் பின்னால் இருக்கிற ஸ்டோருக்கு மாற்றிவிடச் சொன்னார். சுப்பையாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஸ்டோர் என்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகை. ஆக்சிஜன் சிலிண்டரும் உடைந்த சக்கர நாற்காலியும் கிடக்கும் இடம். பகலில் உள்ளே நிற்க முடியாது. செயலாளர் அப்போது வற்புறுத்தவில்லை. நல்லது சிஸ்டர் என்று சிரித்துவிட்டுப் போனார்.

விழா அன்று காலையில் விளாத்திகுளம் பக்கம் வீட்டிலேயே இருக்கும் ஒரு நோயாளியைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். வழக்கமாக வேறொரு நாள் போவது. நான் சந்தேகப்படவில்லை. போய், டிரெஸ்ஸிங் முடித்து, மதியம் சாய்ந்து திரும்பி வந்தேன். ஹாலில் செயலாளர் பேசிக்கொண்டிருந்தார். பக்கவாட்டு வழியாக வார்டுக்குள் போனேன். ஜன்னலோரத்தில் கட்டில் இல்லை. அந்த இடத்தில் ஒரு மேஜையும் பூச்சாடியும் இருந்தன. மற்ற நோயாளிகள் எல்லாம் புது விரிப்பில், தலை சீவி, கும்பிட்ட கையோடு உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். முத்துமாரி என்னைப் பார்த்ததும் அழுதாள். நான் அவளைத் தாண்டிப் போனேன்.

கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே நாதாங்கி போடவில்லை, அதற்கு நான் இன்றைக்கும் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உள்ளே அனல். சுப்பையா சட்டையில்லாமல் வேர்வையில் ஊறிக் கிடந்தார். கட்டு நனைந்து கழன்றிருந்தது. ஈ. குருவம்மாள் அவர் துண்டை எடுத்து விசிறிக்கொண்டிருந்தாள், கை ஓய்ந்து ஓய்ந்து போக. அவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. யாரும் வரவில்லை. வலியில் மனுஷன் கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. அப்படியும் சத்தம் போடவில்லை. ஹாலில் ஆட்கள் இருக்கிறார்களே, கேட்டுவிடுமே என்று.

முதலில் அலுவலகத்திலிருந்து அலமாரிச் சாவியை வாங்கி வந்து மார்ஃபின் கரைத்துக் கொடுத்தேன். கட்டை மாற்றினேன். அப்போது முத்துமாரி பின்னால் வந்து நின்று, அவரைக் கேட்டுத்தான் மாற்றினோம், அவரும் சம்மதித்தார் என்றாள். நான் சுப்பையாவைப் பார்த்தேன். அவர் ஏதோ சொன்னார். குருவம்மாள்தான் எடுத்துச் சொன்னாள்: "நாறுதேன்னு எனக்கே தெரியும் தாயி, நாந்தான் போறேன்னு சொன்னேங்காவ."

பிறகு அவள் தன் குரலில் சொன்னாள். "நாலு பேரு மூக்கப் பொத்திக்கிட்டு, கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னு கேட்டாவ. இவிய என்ன சொல்லுவாவ? அடுத்தவன் காட்டுச் செடியக்கூட மிதிக்காம சுத்திப் போற மனுசன்."

கதிரேசா, எனக்கு அதுவரை அருவருப்பு என்றால் புண், சீழ், புழு, நாற்றம். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் நின்றபோது அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆனது. ஹாலில் மைக்கில் அன்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. எனக்கு உண்மையாகவே எச்சில் ஊறி வாந்தி வருகிற மாதிரி இருந்தது. அந்த அருவருப்பு செயலாளர் மேல் மட்டும் இல்லை. கட்டிலைப் பிடித்த என் நர்சுகள் மேல். மதிய ரவுண்டில் ஜன்னலோரம் பூச்சாடி இருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போன டாக்டர் மேல். படித்தவர், அவருக்கு வலி என்றால் என்ன என்று எங்களைவிட நன்றாகத் தெரியும்.

சுப்பையாவிடம் நான் குனிந்து, உங்களுக்கு எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டேன். மருந்து பிடித்துக் கொஞ்சம் தெளிந்திருந்தார். குருவம்மாளைப் பார்த்தார். பிறகு விரலை மட்டும் வார்டு இருக்கும் பக்கம் நீட்டினார்.

பக்கவாட்டு வழியில் படிக்கட்டு, கட்டில் ஏறாது; கொட்டகையிலிருந்து கட்டிலை வார்டுக்குக் கொண்டுபோக ஒரே வழி ஹால் வழிதான். சக்கரம் வைத்த கட்டில். தலைமாட்டை நான் பிடித்தேன். கால்மாட்டில் குருவம்மாள் பிடிக்க வந்தாள். முத்துமாரி அவளை விலக்கிவிட்டுத் தானே பிடித்தாள். சுப்பையா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹாலுக்குள் கட்டில் நுழைந்ததும் பேச்சு நின்றது. நாற்றம் எங்களுக்கு முன்னால் போயிற்று. விருந்தினர்கள் கையில் காகிதத் தட்டு, தட்டில் கடம்பூர் போளி. முன் வரிசையில் ஒரு அம்மாள் சேலைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டாள். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். ஒருவர் தட்டை நாற்காலிக்கு அடியில் வைத்தார். நடுவழியில் நாற்காலி மறித்தது. வழி விடுங்கள் என்றேன். ஒரே ஒரு வயதானவர் எழுந்து, தன் நாற்காலியை இழுத்து ஓரம் போட்டு, கட்டில் தன்னைத் தாண்டும்வரை நின்றார். மூக்கைப் பொத்தவில்லை. அவர் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. செயலாளர் மேடையிலிருந்து இறங்கி வந்து தாழ்ந்த குரலில், "ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாமே சிஸ்டர்" என்றார்.

"அவருக்கு மாத்திர நேரம் தப்பி ஒரு மதியம் போச்சு அண்ணாச்சி. இன்னும் எம்புட்டுப் பொறுக்கணும்?" என்றேன். கட்டில் நிற்கவில்லை. பூச்சாடியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம்.

மறுநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். செயலாளரும் டாக்டரும் இருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் இதோடு விட்டுவிடலாம் என்றார்கள். நான் செய்தது தப்பில்லை, ஆனால் கொஞ்சம் பக்குவமாகச் செய்திருக்கலாம் என்றார் டாக்டர். செயலாளரையாவது எனக்குப் புரிந்தது. வியாபாரி, கடையில் அழுகிய பழத்தை அடியில் வைக்கிற மாதிரி செய்தார். இந்தப் பக்குவம்தான் எனக்கு ஆகவே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த நாத்தம் பிடிச்ச சோறு நமக்கு எதுக்கு? விட்டுட்டு வா. நம்ம காடு கெடக்கு, வெள்ளாம பாத்துக்கிடலாம்" என்றார். நாத்தம் பிடித்தது என்று அவர் சொன்னது நோயாளிகளை இல்லை.

விட்டுவிடத்தான் எனக்கும் ஆசை. அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கவே கூசியது. ஆனால் ஒன்று யோசித்தேன். நான் போனால் அடுத்த விழாவுக்குக் கட்டிலைப் பிடிக்கப்போவது முத்துமாரிதான். அவளைக் கூப்பிட்டு, ஏன் பிடித்தாய் என்று கேட்டேன். சத்தம் போடாமல்தான் கேட்டேன். செயலாளர் சொன்னார், இன்சார்ஜிடம் பேசியாயிற்று என்றும் சொன்னார், முடியாது என்றால் வேலை போய்விடும் என்று பயமாக இருந்தது என்றாள். அவள் மேலிருந்த அருவருப்பு அப்போதுதான் விட்டது. முடியாது என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு அந்த இல்லத்தில் ஒரு பிடிமானமும் கிடையாது. அதை அவளுக்குச் செய்துகொடுக்க வேண்டியவள் இன்சார்ஜ். அந்தப் பதவிக்கு வேறு என்ன அர்த்தம் இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

மன்னிப்பும் கேட்கவில்லை, வேலையையும் விடவில்லை. நீக்குவதானால் நீக்குங்கள், ஏன் நீக்கினார்கள் என்று நோயாளி வீட்டார் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்றேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே முத்துமாரி வந்து கதவோரம் நின்றாள். பிறகு மற்ற நர்சுகளும் வந்து நின்றார்கள். நின்றார்கள், அவ்வளவுதான். நோயாளியிடம் கேட்காமல் கட்டிலை நகர்த்தக் கூடாது. மார்ஃபின் சாவி நர்சுகளிடம் இருக்க வேண்டும். முடியாது என்று சொன்ன நர்சை யாரும் தண்டிக்கக் கூடாது. இதைத்தான் கேட்டேன். கொடுத்தார்கள். மனசாட்சி உறுத்திக் கொடுத்தார்கள் என்று நினைக்காதே. நன்கொடைக்காரர்கள் காதுக்குப் போனால் டிரஸ்டுக்குக் கெட்ட பெயர் என்று பயந்து கொடுத்தார்கள். எனக்கு அதுவும் கசப்பாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன். வலியில் கிடப்பவனுக்குச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம், கொடுத்தவன் மனசு முக்கியமில்லை.

சுப்பையா அதற்குப் பிறகு உளுந்து காய்ப்பதைப் பார்க்கிறவரை இருந்தார். ஒரு காலைப்பொழுதில், ஜன்னலோரத்தில், குருவம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு போனார். வலி இல்லாமல் போனார். அவரைக் குளிப்பாட்ட அவர் மகன்கள் வரவில்லை, தூரத்தில் வேம்படியில் நின்றார்கள். முத்துமாரியும் நானும் குருவம்மாளும் குளிப்பாட்டினோம். அந்த வருஷம் டிரஸ்ட் அடித்த ஆண்டு மலரில் சுப்பையாவின் படம் வந்தது. நல்ல கன்னம் மட்டும் தெரிகிற மாதிரி, ஜன்னல் வெளிச்சத்தில். கீழே கருணையைப் பற்றி இரண்டு வரி. அதை எனக்குக் கொண்டுவந்து காட்டினார்கள், சந்தோஷப்படுவேன் என்று.

இப்போது உன்னிடம் வருகிறேன். உள்ளே போய் ஒவ்வொன்றாக மாற்றலாம் என்கிறாய். பின்கேட்டில் நீ ஒரு தரம் நோயாளியை இறக்கிவிட்டால், அடுத்த தரம் அது உனக்கு வாசலாகத் தெரியும். அதற்கடுத்த வருஷம் புதிதாக வருகிற நர்ஸ் ஒருத்தி ஏன் சார் இப்படி என்று கேட்பாள். நீ அவளுக்குப் பக்குவம் சொல்லித்தருவாய். இந்த வேலையில் உன் மூக்குதான் உனக்குக் காவல். புண்ணின் நாற்றம் பழகிப்போகட்டும், பழகத்தான் வேண்டும். இந்த நாற்றம் பழகிவிடக் கூடாது. உனக்கு நேற்று அது உறைக்கவே இல்லை என்பதுதான் என்னை அப்படிப் புரட்டியது.

நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றாய். கையெழுத்துக்கு முன்னால் கேட்டால்தான் அவர்கள் காதில் ஏறும். சாவி நர்சுகளிடம் வேண்டும் என்று கேள். ராத்திரியில் இன்னொரு ஆள் வேண்டும் என்று கேள். முன்வாசல் வேண்டும் என்று கேள். செத்துக்கொண்டிருக்கிறவன் ஒன்றும் திருடிக்கொண்டு வரவில்லை, பின்தெரு வழியாக வர. கட்டடம் மாற்ற முடியாது என்று காரணம் சொன்னால் அதைக் கேட்டு யோசி. சாவியைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை. அதையும் தரமாட்டோம் என்றால் எழுந்து வா. பெயர்ப்பலகை போகட்டும். பெரியப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் தந்து நீ தலைவராக உட்கார்ந்தால், தினமும் ஒரு புண்ணையாவது உன் கையால் கட்டு. கை நின்றுபோன தலைவர்களை நான் நிறையப் பார்த்தாயிற்று. அவர்களுக்கு வார்டில் நடப்பது கடைசியில்தான் தெரியும், தெரிந்தாலும் காகிதத்தில்தான் தெரியும். பெண் பார்க்கப் போகிற வீட்டிலும், நர்ஸ் என்று நீயே உன் வாயால் சொல்.

போன மாதம் இல்லத்துக்குப் போயிருந்தேன். முத்துமாரிதான் இப்போது அங்கே இன்சார்ஜ். பழைய செயலாளர் போய்விட்டார், அவர் மகன் இருக்கிறார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்தார். டிரஸ்டுக்கு வேண்டப்பட்ட ஒருவரின் மாமியாரைச் சேர்க்க வருகிறார்களாம், காற்றோட்டமான இடம் வேண்டுமாம், ஜன்னலோரத்தில் இருக்கும் அம்மாளை உள்பக்கம் மாற்றிவிட வேண்டுமாம். அந்த அம்மாள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள், ஒருத்தரும் பார்க்க வருவதில்லை.

"கேட்டுட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள் முத்துமாரி.

அவர் என் பக்கம் திரும்பினார். பெரிய சிஸ்டரிடமா என்றார்.

"இல்ல. படுத்திருக்கவியட்ட" என்றாள். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

அவர் வெளியே போய் நிற்கிறவரை காத்திருந்தாள். கூட வந்த ஆயாவையும் தள்ளி நிற்கச் சொன்னாள். பிறகு கட்டில் கம்பியைத் தொடாமல், தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த அம்மாள் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக் கேட்டாள். மாற இஷ்டமா, இல்லையா, இல்லை என்றாலும் ஒன்றுமில்லை என்று. அந்த அம்மாளை வாழ்நாளில் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் போல. நிஜமாகத்தான் கேட்கிறாளா என்று வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

முத்துமாரி எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, வாசலுக்குப் போய்ச் சொன்னாள்.

"அவிய இங்கனயே இருக்காவளாம், அண்ணாச்சி."

உன் அம்மா